ஆறாவது அர்த்தம்

ஜானிஸ் ஓல்ட்ராய்டுக்கு அந்தச் சொல்லைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது. ஃபெட்டில். ஆங்கிலத்தில் ஆறே எழுத்து. வசந்த காலத்தில் அவள் மேசைக்கு வந்து உட்கார்ந்தது. இப்போது மரங்களெல்லாம் இலையை உதிர்த்து லீட்ஸ் நகரத்து நடைபாதைகள் வழுக்க ஆரம்பித்துவிட்டன, அது இன்னும் எழுந்து போகிற வழியாக இல்லை.

வடக்கு இங்கிலாந்தின் பேச்சுச் சொற்களுக்கென்றே ஓர் அகராதி போடுகிறார்கள். ஜானிஸ் அதில் பதிப்பாசிரியர். எஃப் எழுத்து முழுவதும் அந்த வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும். மற்ற சொற்களெல்லாம் குளித்துத் தலைவாரிக் கிளம்பி நிற்கின்றன, இது ஒன்று மட்டும் வாசலில் உட்கார்ந்துகொண்டு அடம் பிடித்தது.

சும்மா சொல்லக் கூடாது, வாழ்ந்த சொல்தான். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் அது இடுப்பில் கட்டுகிற கச்சை. கச்சையை ஒருவன் எதற்குக் கட்டுகிறான்? ஒரு காரியத்தில் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கத்தான். அதனால் தயாராவது என்று ஆயிற்று. பிறகு தயாராக்குவது, ஒழுங்குபடுத்துவது, ஓட்டை உடைசலைச் சரிபண்ணுவது என்று நீண்டுகொண்டே போயிற்று. பெண்கள் வாயில் விழுந்தபோது வீட்டை அலசித் துடைப்பது ஆனது. குதிரைக்காரன் வாயில், குதிரையைத் தேய்த்துவிட்டுக் காலடியில் வைக்கோல் பரப்புவது. ஃபவுண்டரிக்குள் நுழைந்ததும், அச்சிலிருந்து எடுத்த வார்ப்பின் பிசிறுகளைத் தட்டி உதிர்ப்பது. கோயம்புத்தூர் ஃபவுண்டரிகளில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த வேலையும் தெரியும், பெயரும் தெரியும். மதுக்கடையில் ஒருவன் இன்னொருவனை ஃபெட்டில் பண்ணிவிடுவேன் என்றால் தோலை உரித்துவிடுவேன் என்று அர்த்தம். இன்னும் வடக்கே டர்ஹாம் பக்கம் போனால், எதிர்ப்படுகிறவர்கள் "என்ன ஃபெட்டில்?" என்பார்கள். உடம்பு மனசெல்லாம் எப்படி இருக்கிறது என்று கேட்கிறார்கள்.

இத்தனையையும் ஐந்து அர்த்தங்களாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் எந்தக் காலத்தில் யார் எங்கே எழுதினார்கள் என்று சான்று சேர்த்து வைத்துவிட்டாள் ஜானிஸ். அதெல்லாம் சுளுவாக முடிந்துபோயிற்று. சனியன் பிடித்தது ஆறாவதுதான்.

திங்கட்கிழமை தலைமைப் பதிப்பாசிரியர் ஹ்யூகோ அவளைக் கூப்பிட்டனுப்பினார். தெற்கத்திக்காரர், மரியாதையான மனிதர். திட்டும்போதுகூட முதலில் உட்காரச் சொல்வார்.

"ஜானிஸ், ஆறாவதுக்கு அச்சுல வந்த சான்று ஒண்ணுகூட இல்லையே."

"நான் இருக்கேன். பொறந்ததுலேர்ந்து கேட்டுக்கிட்டு இருக்கேன்."

"நீங்க சான்று இல்லம்மா. நீங்க பதிப்பாசிரியர்."

அச்சில் வராதது அகராதியில் ஏறாது. காதில் விழுந்தது கணக்கில் சேராது. அந்த விதியை எழுதிய குழுவில் ஜானிஸும் ஒருத்தி, அதுதான் கொடுமை. எத்தனையோ பேருடைய சொற்களை இதே விதியைக் காட்டி வெட்டியிருக்கிறாள். விட்பி துறைமுகத்திலிருந்து ஒரு பெரியவர் போன் போட்டு, அலை திரும்புவதற்குச் சற்று முன்னால் கடல் அசையாமல் கிடப்பதற்குத் தங்கள் வீட்டில் ஒரு சொல் உண்டென்று கெஞ்சினார். அச்சில் இருக்கிறதா ஐயா என்று கேட்டுப் போனை வைத்துவிட்டாள். அந்தப் பெரியவர் இப்போது எங்கேயோ உட்கார்ந்து சிரிக்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை காலைவரை அவகாசம் கொடுத்தார் ஹ்யூகோ.

அந்த ஆறாவது அர்த்தம் ராதர்ஹாம் பக்கத்தில் தோர்ன்ஷா என்ற சின்ன ஊருக்குச் சொந்தம். ஜானிஸ் அங்கேதான் பிறந்தாள். அவளுடைய அப்பா சிரில் ஓல்ட்ராய்டு அந்த ஊர் ஃபவுண்டரியில் பிசிறு தட்டுகிறவர். அந்த ஊரில் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டால் யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்பதில்லை. வாயில் வராது. அதற்குப் பதிலாக ஒரு நாள் ஒருவர் தம் கருவிப் பையை எடுத்துக்கொண்டு மற்றவர் வீட்டுக்குப் போவார். அங்கே ஏதாவது உடைந்து கிடக்கும், எந்த வீட்டில்தான் கிடக்காது? கேட்காமல் கொள்ளாமல் அதைச் சரிபண்ண ஆரம்பித்துவிடுவார். அந்த வீட்டார் டீ போட்டுக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அவ்வளவுதான், சண்டை தீர்ந்தது.

பக்கத்து வீட்டு எர்னி ஹெப்பிளோடு அப்பா ஒரு பந்தயப் புறா விஷயமாகச் சண்டை போட்டார். கோடையில் நின்ற பேச்சு பனி கொட்டுகிறவரை தொடரவில்லை. பனியின் பாரத்தில் எர்னியின் கரிக்கொட்டகைக் கூரை இறங்கிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா ஏணியைச் சாய்த்து ஏறி, மதியம்வரை சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். எர்னியின் மனைவி டீக் கோப்பையை மேலே நீட்டினாள். அப்பா குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே கொடுத்தார். அன்று சாயங்காலம் கிளப்பில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கால்பந்தைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். "ரெண்டு பேரும் ஃபெட்டில் பண்ணிக்கிட்டாங்க," என்று அம்மா சொன்னதை ஜானிஸ் தன் காதால் கேட்டாள்.

இதில் சில கறாரான விதிகள் உண்டு. பழைய சண்டையைப் பற்றி மூச்சு விடக் கூடாது. நன்றி சொல்லவே கூடாது, சொன்னால் அது உதவியாகிவிடும், உதவி வேறு இது வேறு. எல்லாவற்றுக்கும் மேலாக, அது நடக்கிறபோது அதன் பெயரைச் சம்பந்தப்பட்டவர்கள் சொல்லக் கூடாது. முடிந்த பிறகு அடுத்தவர்கள் சொல்லிக்கொள்ளலாம். பெயரைச் சொன்னால் காரியம் கெட்டது.

ஜானிஸுக்கு ஒரே தம்பி, நெவில். தோர்ன்ஷாவிலேயே தச்சு வேலை செய்கிறான். அப்பாவைப் புதைத்த நாளிலிருந்து அக்காளும் தம்பியும் பேசுவதில்லை.

தப்பு ஜானிஸுடையதுதான், அதில் இரண்டு பேச்சு இல்லை. அடக்கத்துக்கு முந்தின நாள் நெவில் சமையலறை மேசையில் குனிந்து உட்கார்ந்து, அப்பாவைப் பற்றித் தேவாலயத்தில் பேச நாலு வரி எழுதினான். பேனா பிடித்துப் பழகாத கை. எழுதியதை அக்காளிடம் நீட்டிப் படித்துப் பார்க்கச் சொன்னான். அவளும் படித்தாள். பழக்க தோஷம், கையில் சிவப்புப் பென்சில் இருந்தது. கால்புள்ளி போட்டாள். இரண்டு சொல்லை அடித்தாள். ஓரத்தில் 'இந்த இடத்தில் இந்தச் சொல் பொருந்தவில்லை' என்று எழுதினாள். துக்கத்தில் அவளுக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான். மறுநாள் நெவில் மேடையேறித் தாளைப் பிரித்தான். சிவப்பைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றான். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிவந்து உட்கார்ந்துவிட்டான். பாதிரியார் அவசரமாக ஒரு பாட்டைத் தொடங்கிவைத்தார். சிரில் ஓல்ட்ராய்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசப்படாமலே அவரைப் புதைத்தார்கள்.

அதற்குப் பிறகு கிறிஸ்துமஸ் வாழ்த்து மட்டும் வரும், நெவிலின் மனைவி லொரேனின் கையெழுத்தில்.

செவ்வாயும் புதனும் ஜானிஸ் தோர்ன்ஷா நூலகத்தில் கிடந்தாள். பழைய உள்ளூர்ப் பத்திரிகைகள், தேவாலய மலர்கள், கிளப்பின் ஆண்டறிக்கைகள் என்று ஒன்று விடாமல் புரட்டினாள். ஒரு மலரில் 'திரு. ஐர் பெரிய மனத்தோடு வந்து ஃபெட்டில் செய்தார்' என்று பார்த்ததும் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். அடுத்த பக்கத்தைத் திருப்பினால், அவர் ஃபெட்டில் செய்தது ஓட்டை விழுந்த ஹார்மோனியத்தை. ஜானிஸ் அந்த மலரை மூடிய சத்தத்தில் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் விழித்துக்கொண்டார்.

நூலகத்து அம்மாள் க்ளெண்டா ரட்கின் விஷயம் என்னவென்று கேட்டாள். ஜானிஸ் கொட்டித் தீர்த்தாள்.

"எங்க மாமனாரும் என் கொழுந்தனும் போன மாசந்தான் பண்ணிக்கிட்டாங்க கண்ணு," என்றாள் க்ளெண்டா. "மாமனார் குழாயைச் சரிபண்ணாரு. அதை யாராவது பேப்பர்ல போடுவாங்களா?"

போடமாட்டார்கள். வாயால் பேசக் கூச்சப்படுகிறவர்கள் செய்கிற காரியத்தை எவன் எழுதிவைக்கப் போகிறான்? எழுத்தில் இல்லாததுதான் அதன் லட்சணமே. இதை ஹ்யூகோவிடம் சொன்னால் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, அப்படியானால் சான்று இல்லை என்கிறீர்கள் என்பார். ஜானிஸுக்கு யாரையாவது நன்றாக ஃபெட்டில் பண்ண வேண்டும்போல இருந்தது, அந்த மதுக்கடை அர்த்தத்தில்.

புதன் மாலை பஸ்ஸுக்கு நடக்கையில் வேண்டுமென்றே நெவில் வீட்டுப் பின்சந்து வழியாகப் போனாள். பின்பக்கத்து மரக்கேட்டின் மேல்கீல் துருப்பிடித்து விட்டுப்போய் ஒருக்களித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. ஊர்க் கதவையெல்லாம் சரிபண்ணுகிறவன் வீட்டு லட்சணம் அது. தட்டலாமா என்று நினைத்தாள், தட்டவில்லை. பஸ் நிறுத்தத்தில் மளிகைப் பையும் கையுமாக லொரேனே வந்து நின்றாள். நல்லவள், இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக வருத்தப்படுகிறவள். என்ன இப்படி வெளுத்துப்போயிருக்கிறாய் என்று கேட்டாள். ஜானிஸ் வேலையைத் திட்டினாள், ஹ்யூகோவைத் திட்டினாள், மழையைத் திட்டினாள். வீட்டுக்குப் போனால் ஊறிப்போய்ச் சிக்கிக்கொள்கிற பின்கதவோடு தினம் தோளால் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது என்று அதையும் திட்டினாள். லொரேன் கதவைப் பற்றி மட்டும் இரண்டாவது தடவை விசாரித்தாள். ஜானிஸ் அப்போது அதைக் கவனிக்கவில்லை.

வியாழக்கிழமை அலுவலகம் போகாமல் வீட்டிலேயே தாள்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பின்கட்டில் ஏதோ சத்தம். கதவை முட்டித் திறந்தால், கொல்லையில் நெவில் நின்றான். தலை முன்பைவிட நரைத்திருந்தது. தோளில் அப்பாவின் பழைய கருவிப் பை.

"சிக்குதாமே," என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். உள்ளே வந்து, கீலைக் கழற்றி, கதவை அப்படியே தூக்கிக் கொல்லைச் சுவரில் சாய்த்துவைத்து இழைப்புளியை எடுத்தான். ஈரமரத்தின் சீவல் சுருள்சுருளாக அவன் பூட்ஸ்மேல் விழுந்தது.

வந்துவிட்டான். செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, டீ போட வேண்டும். அது அவளுக்குத் தெரியும். உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியும், அதை வரையறுத்து எழுதி வாரக்கணக்கில் மெருகேற்றிக்கொண்டிருக்கிறவள் அவள்தானே. கெட்டிலில் தண்ணீர் பிடித்துச் சுவிட்சையும் போட்டுவிட்டாள். கோப்பையை எடுக்கத் திரும்பியபோது மேசைமேல் கிடந்த தாள்கள் கண்ணில் பட்டன. ஆறாவது அர்த்தத்தின் எதிரே ஹ்யூகோவின் கேள்விக்குறி. கோப்பைக்குப் போக வேண்டிய கை போனை எடுத்தது.

"நெவில், இப்ப நீ பண்ணிக்கிட்டு இருக்கியே, இதுக்கு என்ன பேரு?"

இழைப்புளி நின்றது. "எதுக்கு?"

"சும்மா சொல்லேன். உன் வாயால."

அவன் நிமிர்ந்தான். அவள் கையிலிருந்த போனைப் பார்த்தான். அதில் சிவப்பாக ஒரு புள்ளி மின்னிக்கொண்டிருந்தது.

"பதிவு பண்றியா?"

"ஒரே ஒரு வாக்கியம், நெவில். நாளைக்குக் கடைசி நாள்."

அவன் இழைப்புளியின் வாயிலிருந்து சீவலை எடுத்துப் போட்டான். துணியால் துடைத்தான். பைக்குள் வைத்து வாரைக் கட்டினான்.

"ஃபெட்டில் பண்ண வந்தேன். போதுமா? எழுத்தெல்லாம் சரியா இருக்கான்னு பாத்துக்க. தப்பு இருந்தா சிவப்புல திருத்திக்க."

கொல்லை வழியாகப் போய்விட்டான். உள்ளே தண்ணீர் கொதித்துக் கெட்டில் தானே அணைந்தது.

அன்று சாயங்காலம் மழை சாய்வாக அடித்தது. பாதி இழைத்த கதவு சுவரோரம் நனைந்துகொண்டிருந்தது. கதவு இருந்த இடத்தில் ஒரு கம்பளியை ஆணியடித்துத் தொங்கவிடப் பார்த்தாள் ஜானிஸ். ஆணி வளைந்தது, கம்பளி விழுந்தது, பக்கத்து வீட்டுப் பூனை ஏதோ கூப்பிட்டனுப்பியதுபோல உள்ளே வந்து அவள் தாள்கள்மேல் படுத்துக்கொண்டது. மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு தன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். தன்மேல் வந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவதென்று தெரியவில்லை. விதியெல்லாம் மனப்பாடம். பெயரைச் சொல்லக் கூடாது என்று அவளே எழுதியிருந்தாள், ஆறாவது அர்த்தத்தின் மூன்றாவது வரியில்.

வெள்ளி காலை ஹ்யூகோ காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்தப் பதிவைக் கேட்டார். கேட்கக் கேட்க முகம் மலர்ந்தது. இரண்டாம் தடவையும் போட்டுக் கேட்டார்.

"ஜானிஸ், இது தங்கம். இழைப்புளி சத்தம் வேற பின்னால கேக்குது. அச்சு இல்லேன்னா பரவாயில்ல, குழுகிட்ட நான் பேசிக்கறேன். சொன்னவர் பேரு, ஊரு, தொழில் மூணும் போட்டுடலாம். நம்ம இணையதளத்துல பதிவையும் ஏத்திட்டா யார் வேணாலும் கேக்கலாம்."

ஹ்யூகோ ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அந்தக் கடைசி வரி, சிவப்புல திருத்திக்கன்னு சொல்றாரே, பிரமாதம். அதையும் வெட்டாம வச்சுக்கலாம்."

வசந்தத்திலிருந்து அவள் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். தலைமைப் பதிப்பாசிரியரே விதியை வளைக்கிறேன் என்கிறார். இனி இங்கிலீஷ் இருக்கிறவரை தோர்ன்ஷாவின் அர்த்தம் இருக்கும். கூடவே நெவில் ஓல்ட்ராய்டு, தச்சர், தன் அக்காள் வீட்டுக் கொல்லையில் மனசு அடிபட்டுப் பேசிய குரலும் இருக்கும். யார் வேண்டுமானாலும் ஒரு பொத்தானை அழுத்தி அதைக் கேட்பார்கள், மாணவர்கள், பேராசிரியர்கள், பொழுதுபோகாதவர்கள். அவன் அன்று மேடையில் தாளோடு நின்றதை ஊர் ஒரு தடவைதான் பார்த்தது. இதில் அவன் திரும்பத் திரும்ப நிற்பான்.

ஜானிஸ் ஹ்யூகோவிடமிருந்து போனை வாங்கினாள். பதிவை அழித்தாள். உண்மையிலேயே அழிக்கவா என்று போன் கேட்டது, ஆமாம் என்று அழுத்தினாள்.

"என்ன பண்ணீங்க?" என்றார் ஹ்யூகோ.

"சான்று இல்லைங்க. நீங்க சொன்னதுதான் சரி."

அவருடைய மேசையிலிருந்த சிவப்புப் பென்சிலை எடுத்து, ஆறாவது அர்த்தத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை தானே அடித்தாள். கோடு கோணலாகத்தான் போயிற்று. எஃப் எழுத்து அன்று மத்தியானமே அச்சுக்குப் போய்விட்டது. ஹ்யூகோ அவளை வீட்டுக்குப் போய் ஓய்வெடுக்கச் சொன்னார். கதவில்லாத வீட்டில் என்ன ஓய்வு?

சனிக்கிழமை காலை இரும்புச் சாமான் கடைக்குப் போய் ஒரு கேட்டுக்குக் கீல் வேண்டும் என்று கேட்டாள். எத்தனை கனம், என்ன மரம், உள்பக்கம் திறப்பதா வெளிப்பக்கமா என்று கடைக்காரர் அடுக்கினார். கீல் என்ற சொல் எந்த நூற்றாண்டில் எப்படி எழுதப்பட்டது என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கடைசியில் அவர் இரக்கப்பட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பக்கத்து வீட்டில் ஒரு ஸ்க்ரூடிரைவரை இரவல் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

தோர்ன்ஷா பின்சந்தில் ஈ காக்கை இல்லை. தூறிக்கொண்டிருந்தது. கேட்டை முழங்காலால் முட்டுக்கொடுத்துத் தூக்கி, ஒரு கையால் கீலைப் பிடித்து, மறு கையால் திருகினால் ஸ்க்ரூ நழுவிச் சேற்றில் விழுந்தது. எடுத்துத் துடைத்துத் திருகினாள், திரும்ப விழுந்தது. மூன்றாவது ஸ்க்ரூ பாதி ஏறிச் சாய்ந்து நின்றுகொண்டு, உள்ளேயும் போகமாட்டேன் வெளியேயும் வரமாட்டேன் என்றது. கட்டைவிரல் நசுங்கியது. வடக்கு இங்கிலாந்தின் வசைச்சொற்கள் எல்லாவற்றுக்கும் அவளுக்குப் பிறந்த வருஷம் தெரியும். அன்று அவற்றை வயது வாரியாக ஒவ்வொன்றாகச் சொல்லித் தீர்த்தாள்.

வீட்டு ஜன்னலில் திரை அசைந்தது. லொரேனின் முகம் தெரிந்தது, உடனே யாரோ கூப்பிட்டதுபோல மறைந்தது. அதன் பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. வேண்டாம், போய்விடலாம் என்று இரண்டு தடவை ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் போட்டாள், இரண்டு தடவையும் எடுத்தாள்.

ஒருவழியாகக் கடைசி ஸ்க்ரூவும் ஏறியது. கேட் நிமிர்ந்து நின்றது. தள்ளிப் பார்த்தாள், அசையவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினாள். எங்கோ உயரம் தப்பிப்போய்க் கேட் தூணோடு இறுகிப் பிடித்துக்கொண்டுவிட்டது. முன்பு தொங்கிக்கொண்டாவது திறந்தது, இப்போது அதுவும் இல்லை. ஜானிஸுக்கு அழுகை முட்டியது.

பின்கதவு திறந்து நெவில் வந்தான். கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று மேலும் கீழும் பார்த்தான். கைப்பிடியைப் பற்றி இழுத்தான், வரவில்லை. குனிந்து கீலைப் பார்த்தான். சாய்ந்து நின்ற ஸ்க்ரூவை விரலால் தொட்டான். நாற்பது வருஷத் தச்சன், எங்கெங்கே தப்பு என்று அவனுக்கு ஒரே பார்வையில் தெரிந்திருக்கும். சொல்ல வாயைத் திறந்தான். அவள் காத்திருந்தாள். வாங்கிக்கட்டிக்கொள்ளத்தானே வந்திருக்கிறாள்.

அவன் ஒன்றும் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டான். கதவும் மூடிக்கொண்டது.

ஜானிஸ் சேற்றிலிருந்து மிச்ச ஸ்க்ரூக்களைப் பொறுக்கினாள். அடுத்த பஸ் எப்போது என்று யோசித்தாள். பையைத் தோளில் மாட்டுகையில் மறுபடி கதவுச் சத்தம் கேட்டது. நெவில் இரண்டு கைகளிலும் கோப்பையோடு, சிந்தாமல், மெதுவாக நடந்து வந்தான். திறக்காத கேட்டுக்கு மேலாக ஒன்றை நீட்டினான்.

பஸ் ஓட்டுநரிலிருந்து பால்காரர்வரை யார் எது கொடுத்தாலும் நன்றி சொல்லியே பழகிய ஜனம் அது. ஜானிஸின் வாயிலும் அந்த வார்த்தை நுனிநாக்குவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்து அதை விழுங்கினாள். கோப்பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

அவன் அந்தப் பக்கம் தூணில் சாய்ந்து நின்று தன் டீயைக் குடித்தான். அவள் இந்தப் பக்கம் சந்தில் நின்று குடித்தாள். சின்ன வயதில் அவள் குடித்ததுபோலவே அள்ளிச் சர்க்கரை போட்டிருந்தான். அவள் டீயில் சர்க்கரையை விட்டு எத்தனையோ வருஷமாகிறது. தித்திப்பு பல்லில் ஏறியது. ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்து முடித்தாள்.

கோப்பையை அவள் கேட்டுக்கு மேலாகத் திருப்பிக் கொடுத்ததும் நெவில் வானத்தைப் பார்த்தான்.

"கதவு நனையுமே," என்றான். "நாளைக்கு வரேன்."